உறக்கத்தில் எண்ணிய நாடி

அறுவடைக் காலத்தில் சின்னமனூர்க் காற்றில் நெல் தூசி மிதக்கும். அம்மாவுக்கு இளைப்பு மிகுவதும் அப்போதுதான். அந்த ஆண்டு படபடப்பும் கைநடுக்கமும் சேர்ந்துகொண்டன. நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிந்தது. சால்பூட்டமால் இன்ஹேலரும் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் என்பதால், எல்லாம் அதன் வேலையென்றே நம்பினோம்.

முறைவைத்து விழித்திருந்த ஓர் இரவில், உறங்கும் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினோம்: 110. இன்ஹேலர் எடுத்து ஏழு மணி நேரமாகியிருந்தது. அச்சத்தால் விரையும் நாடி உறக்கத்தில் தணியும். தைராய்டு மிகையால் விரைவது எளிதில் தணியாது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது.

படபடப்புக்கு ஒரு மருத்துவர் புரோப்ரனலால் எழுதினார். இளைப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. இதயத்தை அடக்கும் அம்மருந்து ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அன்றிரவே அம்மா மூச்சுக்குத் திணற, தேனிக்கு விரைந்தோம்.

பிழைத்தாள். பிறகு கார்பிமசோல். தொண்டைவலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, உடனே வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டுமென்று செவிலியர் ஒருவர் எங்களிடம் இருமுறை சொன்னார். நாடி, எடை, மூச்சு மூன்றையும் நோட்டில் குறிக்கக் கற்றோம்.

இப்போது எந்த மருத்துவர் முன் அமர்ந்தாலும், அவர் கேட்கும் முன்பே இரண்டு நோய்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.