எந்தக் கடற்கரைக்குப் போவது?

விடுமுறை என்றால் கடற்கரை என்பது நம் தோட்டத்துப் பிள்ளைகள் போட்டு வைத்திருக்கும் கணக்கு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, "சார், இந்தத் தடவை கடலுக்குத்தானே?" என்று தொடங்கிவிடுவார்கள். கேட்பதில் தவறில்லை. புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இடுப்பளவுக் கடல் நீரில் நின்று பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று வகுப்பில் கேட்டால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கைகள்தாம் எழுகின்றன. கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி? நம் வட்டாரத்துக் கடல் குளிக்கிற கடல் அன்று. அதுதான் காரணம்.

பணமும் சேர்ந்த விஷயம் இது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. அதை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். புருஷனும் பெண்சாதியும் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டால், வேன் வாடகைக்கு முன்பே 130 வெள்ளி போய்விட்டது. அவ்வளவும் செலவழித்து, போன இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான் கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆகவே எந்தக் கடற்கரை, எந்த நாள், எந்த நேரம் என்று புறப்படும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

முதலில் நம் கரையைப் பற்றி. கிள்ளான் ஆறு, சிலாங்கூர் ஆறு, பெர்ணம் ஆறு மூன்றும் மலையிலிருந்து கொண்டு வரும் வண்டல் நம் பக்கத்துக் கடலில்தான் வந்து சேருகிறது. எதிரே சுமத்ரா தீவு பெரிய மதில்போலப் படுத்திருப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலை கிடையாது. அலை பலமாக அடித்தால்தான் சேற்றை அரித்துக்கொண்டு போய் மணலை மட்டும் விட்டு வைக்கும். இங்கே அலை சோம்பேறி. போதாததற்குக் கரையோரக் காண்டா மரங்கள் தம் வேர்களால் வந்த வண்டலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. புக்கிட் மலாவத்தியில் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கத்தடியில் நின்று மேற்கே பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பச்சைக் காடு முடிகிற இடத்தில் மணல் இராது, பழுப்பு நீர்தான் தொடங்கும்.

இதைச் சொன்னதும் நம் கடலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சேறுதான் கெராங்கையும் இறாலையும் நண்டையும் நமக்குக் கொடுக்கிறது. ஜெராம் பந்தாய் ரெமிஸ், பாசிர் பெனாம்பாங், செகிஞ்சான் மூன்றும் வயிற்றுக்கு ஏற்ற இடங்கள். சாயங்காலம் போய்ச் சூரியன் விழுவதைப் பார்த்து, வேகவைத்த கெராங் ஒரு தட்டு சாப்பிட்டு, பிள்ளைகளைக் காற்றாடி விடச் சொல்லிவிட்டுத் திரும்பினால் அதைவிட மலிவான உல்லாசம் வேறில்லை. செகிஞ்சானில் பந்தாய் ரெடாங் என்ற கரை உண்டு. பெயரைக் கேட்டுத் திரெங்கானுவின் ரெடாங் தீவு என்று மயங்கிப் போய்விடாதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது வேண்டுதல் எழுதிய சிவப்பு நாடாக்களை மக்கள் எறிந்து தொங்கவிட்டிருக்கும் மரமும், வழியெல்லாம் விரிந்து கிடக்கும் நெல் வயலும்தான். நீந்தும் ஆசையோடு போனால் முழங்கால் வரை சேற்றோடு திரும்ப வேண்டியதுதான். சேற்றில் கால் புதைந்த பிள்ளையை இழுக்கப் போன பெரியவரும் புதைவது நம் பக்கத்தில் புதிய கதையன்று.

மணல்போல் தோன்றும் கரையை நம்பி ஒரு பட்டாளமே ஏமாந்த வரலாறு நம் மாநிலத்தில் உண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷாரின் இந்தியப் படை மோரிப் கரையில் இறங்கியது. ஜப்பானியர் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் எதிர்த்துச் சுட ஆளில்லை. ஆனால் மேலே மெல்லிய மணல், அடியில் இளகிய சேறு. இறக்கிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதைந்து நின்றன. போர் மட்டும் முடியாதிருந்தால் என்னவாகியிருக்குமோ! வரைபடம், வேவு விமானம் எல்லாம் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதியென்றால், வாடகை வேனில் போகும் நாம் விசாரிக்காமல் இறங்கலாமா? அந்த மோரிப்பும், அதற்குத் தெற்கே சிப்பாங்கைச் சேர்ந்த பாகான் லாலாங்கும் இன்று சிலாங்கூர்க்காரர்கள் குடும்பத்தோடு போகும் கரைகள். நீர் ஏறியிருக்கும் வேளையில் ஓரளவு குளிக்கலாம். வற்றியபின் நீரைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டும்.

இந்த ஏற்ற வற்றத்தைத்தான் நம்மவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கிள்ளான் துறைமுகத்தருகே பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டருக்கு மேல். அதாவது வற்றிய நேரத்தில் நீங்கள் நின்ற இடத்தில், ஆறு மணி நேரம் கழித்து உங்கள் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்துக்கும் கூடுதலாக நீர் நிற்கலாம். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து வரும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி போதும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கடல் பெரிதாக ஏறும்; நடுப்பகலில் வெகுவாக வற்றிவிடும். எட்டு நாள் தள்ளி அட்டமி வரும்போது இது தலைகீழாகி, நடுப்பகலில் ஏற்றமாக இருக்கும். அந்த நாட்களில் ஏற்றமும் வற்றமும் அடக்கமாக இருப்பதால் நீரின் இழுப்பும் குறைவு. அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள் நம் பாட்டிமார். கடலில் குளிக்க மட்டும் அதுவே தோதான நாள் என்று நான் பெற்றோர்களிடம் சொல்வதுண்டு. "சாரு சாஸ்திரத்தையே மாத்துறாரு" என்று சிரிப்பார்கள். போர்ட்டிக்சன், லுமுட் போன்ற இடங்களில் நேரம் சற்று முன்பின்னாக இருக்கும். சரியான நேரம் வேண்டுமானால் கடற்படையின் நீரளவை மையம் வெளியிடும் அட்டவணை இருக்கிறது. இல்லாவிட்டால் கடலோரத் தோட்டங்களில் பண்டுக் கரையில் மடைக்கதவு பார்ப்பவரைக் கேளுங்கள். கடல் ஏறும்போது கதவை அடைத்து, வற்றும்போது திறந்து கான் தண்ணீரை வெளியே விடுவது அவர் வேலையல்லவா? அவருக்குத் தெரியாத ஏற்ற வற்றமா!

அமாவாசை, பௌர்ணமியின் நடுப்பகல் வற்றத்துக்கும் ஒரு பயன் உண்டு. சாசாரானுக்கு அப்பால் கடலுக்குள் ஒரு மணல் திட்டு அப்போதுதான் வெளிப்படும். மேலே மெல்லிய நீர் நிற்பதால் வானமும் ஆட்களும் கண்ணாடியில்போலத் தெரிவார்கள். படகில்தான் போக வேண்டும். படமெடுக்க அழகான இடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் போவதால் பெரிய குடும்பத்துக்குக் கட்டாது. முழங்கால் வலிக்காரப் பாட்டியைப் படகில் ஏற்றி இறக்குவதும் சிரமம்.

சரி, நிஜமாகவே மணலும் குளிப்பும் வேண்டுமென்றால்? தெற்கே போர்ட்டிக்சன், வடக்கே லுமுட். இரண்டில் எது என்பது நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்தினருக்கு போர்ட்டிக்சன் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சபாக் பெர்ணம், சுங்கை பெசார் பக்கத்தினரோ கோலாலம்பூர் நெரிசலில் அகப்படவே வேண்டாம். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துத் தெலுக் இந்தான், சித்தியவான் வழியாகப் போனால் லுமுட் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். இது தெரியாமல் சபாக் பக்கத்திலிருந்தும் வேன் பிடித்துப் பழக்கதோஷத்தில் போர்ட்டிக்சனுக்கே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட்டிக்சன் நம்மவர்களுக்குப் பழகிய இடம். அங்கே கரையை இன்னும் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஏழாங்கட்டைப் பக்கம் தெலுக் கெமாங். கரை மெதுவாகச் சரிகிறது. மர நிழல் உண்டு. காசு கொடுத்தால் நல்ல தண்ணீரில் குளிக்க இடம் உண்டு. சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. கூட்டமும் குறைவில்லை என்பதுதான் சங்கடம். நீண்ட வார விடுமுறையிலும் பெருநாளிலும் போனால் வண்டி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். சற்றுத் தள்ளித் தஞ்சோங் துவான் குன்றடியில் புளூ லகூன் என்ற சிறு குடா இருக்கிறது. குன்றின்மேல் பழைய கலங்கரை விளக்கம். நெகிரி செம்பிலான் கரையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் குன்று மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம் என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வேடிக்கை. மார்ச் மாதவாக்கில் போனால் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் வல்லூறு இனப் பறவைகள் தலைக்கு மேல் வட்டமிடுவதையும் பார்க்கலாம்.

லுமுட்டிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டரில் தெலுக் பாத்தேக். வளைந்த குடா, நல்ல மணல். ஒரே நாளில் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு நாள் கையிலிருந்தால் படகேறிப் பங்கோர் போகலாம். பாசிர் போகாக், தெலுக் நிப்பா இரண்டும் பேர்பெற்ற கரைகள். 1670இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. மாசி மகத்துக்குத் தீவிலுள்ள காளியம்மன் கோயிலுக்கு மக்கள் திரளாகப் போவார்கள். அந்த நாளில் படகுக்கு வரிசை நீளும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம், படகுக் கட்டணம் எல்லாம் சேர்வதால், பங்கோரை ஆண்டுக்கொரு முறை சீட்டுப் பணம் எடுத்துப் போகும் இடமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கிழக்குக்கரையைப் பற்றியும் கேட்கிறார்கள். செராத்திங், தெலுக் செம்பெடாக் அழகில் நம் கரையைத் தோற்கடிக்கும். ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் பொல்லாதது. தீபாவளி காசு கையில் இருக்கும் நேரமும் அதுவாகவே அமைவது நம் துரதிர்ஷ்டம். தொலைவிலுள்ள மெக்சிகோவிலும் இதே மாதிரிதான். கரீபியன் பக்கத்துக் கரை பெரும்பாலும் சாது. பசிபிக் பக்கத்தில் சில கரைகளில் அலை மனிதனைத் தூக்கி அடிக்கும். ஒரே நாடு, இரண்டு குணம். ஊருக்குப் போய் வந்தவர்கள் மெரீனாவைப் புகழ்வார்கள். மணலில் உட்கார அது அருமையான இடம்தான். குளிக்கப் போய் உயிர்விட்டவர்கள் அங்கே ஏராளம்.

நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் ராஜூலா போன்ற கப்பல்களில் ஏறிக் கடலைத் தாண்டி வந்தவர்கள். ஆனால் நீந்தத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. தோட்டத்துக் கானிலும் குட்டையிலும் முங்கிப் பழகிய பையன்கள் கடலையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். அதனால் கரை எவ்வளவு அமைதியானாலும் சிலவற்றை விடக்கூடாது. பிள்ளையின் இடுப்புக்கு மேல் நீர் கூடாது. நீரிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவென்றே ஒரு பெரியவரை நிறுத்துங்கள். அவர் கையில் கைப்பேசியும் வேண்டாம், சீட்டுக்கட்டும் வேண்டாம், பீர் டின்னும் வேண்டாம். அரை மணிக்கொரு முறை ஆள் மாறலாம். பெண்கள் சேலையோடும் ஆண்கள் கைலியோடும் ஆழத்துக்குப் போகக்கூடாது. நனைந்த துணி காலைக் கட்டிவிடும். சிவப்புக் கொடி பறந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் இறங்காதீர்கள். கரை தட்டையாக இருக்கும் இடத்தில் கெராங் பொறுக்கிக்கொண்டே தூரம் போகிறவர்கள், நீர் திரும்பியதும் அவர்களும் திரும்பிவிட வேண்டும். பின்னாலுள்ள பள்ளம்தான் முதலில் நிரம்பும்.

யாராவது தத்தளித்தால் உடனே குதித்துவிடுவது நம் சுபாவம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் போன செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஐந்து கிலோ சமையல் எண்ணெய் வாங்கிய காலி டப்பாவை மூடி இறுக்கி, நீளக் கயிறு கட்டி வேனில் போட்டு வையுங்கள். அதை எறிந்தால் போதும், பிடித்துக்கொண்டு மிதப்பார்கள். ஒரு போத்தல் காடியும் கூடவே இருக்கட்டும். சொறிமீன் பட்ட இடத்தில் காடியைத் தாராளமாக ஊற்ற வேண்டும். மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் விஷத்தைக் கூட்டும். வலி கடுமையாக இருந்தாலோ மூச்சு முட்டினாலோ காடியோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மற்றபடி புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் கடைச் செலவு மிச்சம். நாலு குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தால் வாடகை நாலில் ஒன்று. அட்டமியை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் எட்டரை, ஒன்பதுக்குள் கரையில் இருக்கலாம். பசியாறிவிட்டுப் பிள்ளைகளைக் கரையோரம் ஈர மணலில் விளையாட விடுங்கள். பத்து மணிக்கு மேல் நீர் ஏறி வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். மூன்று மணிக்கெல்லாம் கரையேறிவிட்டால் திங்கட்கிழமை காலைப் பிரட்டுக்கு யாரும் தூங்கி வழிய வேண்டியதில்லை.