புது வண்டிக்கு எண்ணெய் தேர்தல்

நாட்டுப்புறத்தில் வாழ்வோர்க்கு வண்டி என்பது ஆடம்பரப் பொருளன்று. குடும்பத்தோடு சேர்ந்து உழைக்கும் ஓர் உறுப்பாகும். நம் முன்னோர் ஓட்டிய கட்டை வண்டிக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மையாக்கி, அதனை அச்சிற் பூசினர். மை வற்றிய வண்டி கிறீச்சென்று கதறித் தன் குறையைத் தானே தெரிவித்துக்கொள்ளும். இக்காலத்து மோட்டார் வண்டியோ அங்ஙனம் கதறுவதில்லை. தகாத எண்ணெயை ஊற்றினும் பல மாதங்கள் வாய்மூடி ஓடும். பின்னர் ஒருநாள் பெருஞ் செலவை வைத்து நின்றுவிடும். ஆதலின் அதற்கேற்ற எண்ணெயைக் கண்ணாலும் காதாலும் தேர்தல் இயலாது. எழுத்தைப் படித்தே தேர்தல் வேண்டும்.

புதுச்சேரியைச் சார்ந்த பாகூர்க் கொம்யூன் ஏரிப் பாசனத்தால் செழித்து, அப்பகுதியின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டிற்குப் பேர்போனது. இவ்விரு கொம்யூன்களிலும் நெல்லும் கரும்பும் காய்கறியும் மட்பொருள்களும் கட்டை வண்டியை விட்டுப் பிக்கப் என்னும் சிறு பாரவண்டிகளில் ஏறிப் பல ஆண்டுகள் ஆயின. பாகூர்ப் பக்கத்திற் பயிரிடும் என் தமையனாரும் வங்கிக் கடன் பெற்று டீசல் பிக்கப் ஒன்று புதிதாக வாங்கினார். வண்டி நின்றால் வருவாய் நிற்கும், தவணை நில்லாது. பறித்த கத்தரிக்காயும் பொறுத்திராது. ஆகையால் முதன்முறை எண்ணெய் மாற்றும் நாள் நெருங்கியபோது, இல்லத்தில் எழுந்த வழக்கு சிறிய வழக்கன்று.

எங்கள் பெரிய தந்தையார் நாற்பதாண்டு காலம் இறைப்பு யந்திரங்களைப் பழுதின்றி ஓட்டியவர். "எண்ணெய் கெட்டியாயிருந்தால்தான் யந்திரம் தேயாது, நாற்பதாம் நம்பரே ஊற்று" என்பது அவர் தீர்ப்பு. கடைக்காரரோ, இருப்பவற்றுள் விலை மிகுந்த டப்பாவை எடுத்து நீட்டினார். இருவர்க்கும் இடையில், வண்டியோடு வந்த கைந்நூல் உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. அஃது ஆங்கிலத்தில் இருந்தது. தமையனார் அதனை என் கையிற் கொடுத்து, "தம்பி, நீ படித்துச் சொல்" என்றார்.

எண்ணெய்ப் பெட்டியின்மேல் 5 டபிள்யூ 30, 15 டபிள்யூ 40 என்றவாறு எண்கள் காணப்படும். இவை விலையையோ தரத்தையோ குறிப்பன அல்ல, பாகுத்தன்மையைக் குறிப்பன. அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911-ஆம் ஆண்டில் வகுத்த முறையின் வழிவந்தவை. முன்னெண் குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதிற் பாயும் என்பதையும், பின்னெண் 100 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் எவ்வளவு கெட்டியாய் நிற்கும் என்பதையும் காட்டும். முன்னெண் குறையக் குறையக் குளிரிற் பாயுந் திறம் கூடும். பனிக்கட்டியைக் காணாத பாகூர்க்குக் குளிர்க்கணக்கு எற்றுக்கு எனின், கூறுவேன். நம் மார்கழி விடியலிலும் எண்ணெய், ஓடிச் சூடேறிய நிலையைவிடப் பன்மடங்கு கெட்டியாகவே கிடக்கும். யந்திரம் உயிர்பெற்ற முதற் சில நொடிகளில் அது மேலே ஏறி உறுப்புகளை நனைத்தாக வேண்டும். நிமிடத்திற்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு எண்ணெய்க்காகக் காத்திராது. எங்கள் கைந்நூல் 5 டபிள்யூ 30 என்று விதித்திருந்தது. உறுப்புகளின் இடைவெளியும் எண்ணெய்ப் பம்பின் ஆற்றலும் அவ்வளவிற்கேற்பவே அமைக்கப்பட்டவை. அதனினும் கெட்டியான எண்ணெய் காவலாகாது, சுமையாகும்.

எண்ணைக் காட்டிலும் இன்றியமையாதது அதனருகே உள்ள எழுத்து. அமெரிக்கப் பெட்ரோலிய நிலையத்தின் முறையில் 'எஸ்' என்று தொடங்குவன பெட்ரோல் யந்திரத்திற்கும், 'சி' என்று தொடங்குவன டீசல் யந்திரத்திற்கும் உரியவை. இங்கேதான் பெரிய தந்தையாரின் அனுபவத்திற்கும் புதிய வண்டிக்கும் உள்ள பிணக்கு விளங்கிற்று. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை கந்தகம் இருக்கலாயிற்று. அக்கந்தகம் எரிந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். அவ்வமிலத்தை அடக்க, எண்ணெயிற் காரத்தன்மையுள்ள உலோக உப்புகளை மிகுதியாகச் சேர்த்தனர். அவை அக்காலத்திற்கு மருந்தே. ஆனால் எண்ணெயிற் சிறிது எரியுங்கால் அவ்வுப்புகள் சாம்பலாக எஞ்சும்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. டீசலிற் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்கிற்கு மேற்படலாகாது என்றாயிற்று. அதற்கு முன்னிருந்த விதியில் அவ்வளவு 50 பங்கு. புதிய டீசல் வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் பொருத்தப்பட்டது. பிடித்த கரியை அவ்வப்போது மிகுவெப்பத்தில் எரித்து அது தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். கரி எரியும், சாம்பல் எரியாது. ஆகவே சாம்பல் மிகுந்த பழைய வகை எண்ணெயை ஊற்றினால் அவ்வடிகட்டி சிறிது சிறிதாக அடைபடும். அதனாற்றான் எங்கள் கைந்நூல் சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும் என்று வற்புறுத்தியது. பார வண்டிகளுக்கான சி.கே.-4 என்னும் 2016-ஆம் ஆண்டு வகுப்பிலும் சாம்பலுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு என எல்லை உண்டு.

நிற்க. எங்களூர்ப் பயணங்கள் குறுகியவை. நான்கு கல் ஓடி நிற்றல், மூடை ஏற்றுமளவும் யந்திரத்தை ஓடவிடல், மீண்டும் நான்கு கல் ஓடல். இதனாற் புகைக்குழாய் போதிய அளவு சூடேறுவதில்லை. கரியை எரிக்கும் முயற்சி இடையிலே நின்றுவிட, அதற்கெனச் செலுத்திய டீசலிற் சிறிது எண்ணெயோடு கலந்துவிடும். அளவுகோலில் எண்ணெய் ஏறியிருத்தல் கண்டு மகிழ்தல் கூடாது. எண்ணெய் நீர்த்துவிட்டது என்று அஞ்சுதல் வேண்டும். எனவே கடின உழைப்பிற்கெனக் கைந்நூல் தனியே குறிக்கும் குறுகிய தவணையே எங்களுக்கு உரியதாயிற்று. மற்று, டீசல் யந்திரத்தில் எண்ணெய் விரைவிற் கறுப்பது கேடன்று. கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இனி வடிகட்டிகள் மூன்று. ஆயில் பில்டருள் மடித்த தாளும், இரு சிறு வால்வுகளும் உள. யந்திரம் நின்றபின் எண்ணெய் வடிந்துவிடாமற் காப்பது ஒன்று. தாள் அடைபட்டால் வழிவிட்டு உறுப்புகளை வறளாமற் காப்பது மற்றொன்று. போலியில் தகரமும் வண்ணமும் ஒத்திருக்கும், உள்ளிருப்பவை ஒத்திரா. டீசல் பில்டர் நீரையும் நுண்துகளையும் பிரிப்பது. வளிமண்டல அழுத்தத்தின் 1,500 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் இடைவெளிகள் சில மைக்ரான் அளவினவே. மயிரிழையோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஏர் பில்டர் களத்துத் தூசியைத் தடுப்பது. அத்தூசியிலுள்ள மணற்றுகள் எஃகையும் தேய்க்க வல்லது. ஆகவே அறுவடைக் காலத்தில் அதனை அடிக்கடி பார்த்தல் வேண்டும்; தாளாலாகிய அதனை நீரிற் கழுவுதல் ஆகாது. எண்ணெயை மாற்றும்போதெல்லாம் ஆயில் பில்டரையும் மாற்றுதல் முறை. புது எண்ணெயைப் பழைய பில்டர் வழி விடுதல், கழுவாத குடத்திற் காவிரி நீரை மொள்ளுதல் போலும்.

இவை யாவற்றையும் தமிழிற் சொல்லி முடித்தபின், பெரிய தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின், "அந்த நாளில் எங்கள் எஞ்சினிலும் ஒரு தகடு அடித்திருந்தது, அதில் நாற்பது என்று போட்டிருந்தான். நான் அதைத்தான் ஊற்றினேன்" என்றார். அவர் தோற்றவரல்லர். யந்திரத்தை ஆக்கியவன் சொல்லைக் கேட்டு நடந்தவரே அவரும். அவர் தகட்டைக் கண்டார், தமையனார் கைந்நூலைக் கண்டார். வேறுபட்டது காலமே, முறை ஒன்றே. மறுநாள் எண்ணெய் வாங்கச் சென்றபோது அவரே முன்னின்று, பெட்டியின் முத்திரையைச் சோதித்து, உறுதிக்காலத்திற்கு உதவுமென்று பட்டியலையும் கேட்டு வாங்கினார். வீடு வந்தபின் வெறும் பெட்டியை ஆணியாற் குத்திப் பழுதாக்கியவரும் அவரே. போலி எண்ணெய் அடைப்பார்க்கு அது பயன்படலாகாது அன்றோ? வடித்த கழிவெண்ணெயை வாய்க்காலில் விடாமல், மறுசுத்திக்கு எடுப்போரிடம் சேர்ப்பிக்கவும் இசைந்தார். அவ்வாய்க்கால் நீரே எங்கள் நெல்லுக்குப் பாய்வது.

மாணவ நண்பர்காள்! நம்முள் பலர் இத்தகைய ஊர்களிலிருந்தே இக்கல்விச் சாலைக்கு வந்தோம். நம் இல்லங்களில் மருந்துச் சீட்டும், கடன் பத்திரமும், வண்டியின் கைந்நூலும் படிப்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பொறுமையோடு படித்துப் பொருள் சொல்லுதல் பெரிய தொண்டன்று எனத் தோன்றலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் தவணையும் தானியமும் சில வேளைகளில் அதன்மேல்தான் நிற்கின்றன. அதனினும் மேலாக, பெரியோர் அனுபவத்தை இகழாமல் அதன் காரணத்தை அறிந்து புதியதோடு பொருத்திக் காட்டுதல், கற்றவர்க்கே இயல்வதொரு கடமையாகும்.