சுண்டெலி தலைமையில் ஒரு மன்றம்

ரசிகர் மன்றம் என்றதும் நமக்குக் கட்டவுட்டும் தோரணமும்தான் ஞாபகத்துக்கு வரும். கலிஃபோர்னியாவின் கடலோரத்தில் 1930இல் கூடிய ஒரு மன்றத்தில் உறுப்பினர்கள் அத்தனை பேரும் பொடிசுகள். தலைவனோ ஒரு சுண்டெலி.

லாஸ் ஏஞ்சலஸை ஒட்டியுள்ள சாண்டா மோனிக்கா நகரின் தென்பகுதி ஓஷன் பார்க். இன்று அங்கே போகிறவர்கள் பார்ப்பது அகன்ற மணற்பரப்பையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும்தான். அந்தக் காலத்தில் கடலுக்குள் நீண்ட மேடையும் ராட்டினங்களும் நடன அரங்குகளுமாக அமர்க்களப்பட்ட இடம் அது. அங்கேதான் இருந்தது ஃபாக்ஸ் டோம் தியேட்டர்.

அதன் மானேஜர் ஹாரி வுடினுக்கு ஒரு கவலை. சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பிள்ளைகளை வாராவாரம் வரவழைப்பது எப்படி? 1928 நவம்பரில் நியூயார்க்கில் வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ மூலம் பிரபலமாகியிருந்த மிக்கி மவுஸ் கைகொடுத்தது. மிக்கி பெயரில் கிளப் தொடங்கினார். முதல் கூட்டம் 1930 ஜனவரி 11இல். யோசனை பிடித்துப்போய், நாடெங்கும் இதேபோன்ற கிளப்புகளை அமைக்கும் பொறுப்பை வுடினிடமே ஒப்படைத்தார் வால்ட் டிஸ்னி.

வெறும் கார்ட்டூன் காட்சியல்ல இது. பிள்ளைகளிலிருந்தே தலைமை மிக்கி, தலைமை மின்னி, கொடி ஏந்துபவர் என்று பொறுப்பாளர்கள். பெரியவர்களை மதிப்போம், சிறியவர்களுக்கு உதவுவோம் என்று உறுதிமொழி. எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு. அதற்கென்று தனியாக ஒரு படச்சுருளே வந்தது. தியேட்டர்காரர் ஸ்டூடியோவுக்குக் கட்டணம் செலுத்தினார். உள்ளூர் பேக்கரிக்காரரும் மற்ற கடைக்காரர்களும் ஆதரவு தந்து விளம்பரம் தேடிக்கொண்டார்கள்.

ஆக, பக்கா வியாபாரம். ஆனால் காலத்தையும் பார்க்க வேண்டும். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து, ஆலைகள் மூடி, லட்சக்கணக்கானோர் வேலை இழந்த நேரம். அப்பா வேலை தேடி அலையும் வீட்டுப் பிள்ளைக்கு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் மேடையில் ஒரு பதவியும் கிடைப்பது சின்ன விஷயமல்ல. 1932வாக்கில் உறுப்பினர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள்.

அந்த எண்ணிக்கையே வினையானது. இத்தனை கிளப்புகளைக் கட்டி மேய்க்க முடியாமல் 1935வாக்கில் டிஸ்னி நிறுவனம் கைகழுவத் தொடங்கியது. அதற்குள் மிக்கி பொம்மைகளும், 1933இல் வந்த மிக்கி கைக்கடிகாரமும் சக்கைப்போடு போட்டன. மிக்கியை வளர்க்க இனி மன்றம் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தேவையா என்பது வேறு கணக்கு.

ஓஷன் பார்க்கில் 1958இல் பிரம்மாண்டமாக ஒரு கேளிக்கைப் பூங்கா வந்து, 1967இல் மூடப்பட்டு, எழுபதுகளில் இடித்து அகற்றப்பட்டது. டோம் தியேட்டரும் இப்போது இல்லை. அந்தச் சனிக்கிழமைகளின் வாசனை வேண்டுமென்றால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, ஆரகன் மாநிலத்தின் தலைநகர் சேலத்துக்குப் போக வேண்டும். பெயர்ப் பொருத்தம் நமக்குப் புன்னகை வரவழைக்கும். அங்கே 1926இல் திறக்கப்பட்ட எல்சினோர் தியேட்டர், ‘ஹாம்லெட்’ நாடகத்தின் கோட்டையை நினைவூட்டும் கட்டடம். இங்கேயும் ஒரு மிக்கி மவுஸ் கிளப் கூடியது. இடிபட இருந்த அரங்கை ஊர்மக்கள் முன்வந்து காப்பாற்றினார்கள். இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

1955 அக்டோபர் 3இல் அதே பெயர் டெலிவிஷனுக்குப் போனது. பேர்பெற்ற நிகழ்ச்சிதான். ஆனால் அந்த மன்றத்தில் சேர வீட்டைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை. பக்கத்துத் தெருப் பையனுக்கு ஓட்டுப் போட்டுத் தலைமை மிக்கியாக்க வேண்டியதுமில்லை.