கோடு சொல்லாததை நான் சொன்னேன்

விடிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் கோலார் தங்கவயல்காரர்களில் நானும் ஒருவன். அங்கே ஒரு பயிற்சி மையத்தில், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு வாசிப்புப் பாடம் எடுக்கிறேன்.

அந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி வரும். சின்னதாக ஒரு பத்தி, கூடவே ஒரு கிராஃப். பத்தியில் ஒரு முடிவு சொல்லப்பட்டிருக்கும். கிராஃபிலுள்ள எந்தத் தகவல் அந்த முடிவைத் தாங்குகிறது என்று நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கிராஃபைச் சரியாகப் படித்துவிட்டால் மார்க் வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பாடம் நடத்திய நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் வீட்டில் மாதிரிக் கேள்வி ஒன்றை நானே தயாரித்தேன். ஊர்ப்பாசத்தில் எங்கள் சுரங்கத்தையே எடுத்துக்கொண்டேன். இருபதாம் நூற்றாண்டில் பத்தாண்டுக்குப் பத்தாண்டு தங்க உற்பத்தி சரிவதைக் காட்டும் ஒரு கோடு. பத்தியின் முடிவு: 'பூமியில் தங்கம் தீர்ந்துபோனதால் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது.' சரியான விடை: 'கடைசிப் பத்தாண்டில்தான் உற்பத்தி மிகக் குறைவு.'

தாளை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டில் இறங்கி வேலை செய்தவர். ஆங்கிலம் தெரியாது, கோடு தெரியும். என்ன என்று கேட்டார், சொன்னேன். கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"ஏம்பா, மேல வந்த தங்கம் எவ்ளோன்னுதானே இதுல இருக்கு? கீழ மிச்சம் எவ்ளோன்னு எங்க இருக்கு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவரே பேசினார். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு தூரத்திலிருந்து கல்லை மேலே இழுக்க வேண்டும், கொதிக்கும் பாறைக்கு நடுவே குளிர்காற்று அனுப்ப வேண்டும், பாறை வெடித்துச் சரியாமல் முட்டுக்கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. "எடுக்குற செலவு தங்கத்து விலையத் தாண்டிடுச்சு. மூடிட்டாங்க. தீந்துபோச்சுன்னு யார் சொன்னா?"

இன்னார் சொன்னார் என்று சொல்ல முடியவில்லை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்ததை நானாக நம்பியிருந்தேன். நம்பிய முடிவோடு கோட்டைப் பார்த்ததால், கோடும் அதையே சொல்வதுபோலத் தெரிந்தது. நான் எழுதிய விடை கிராஃபின்படி உண்மைதான். ஆனால் அந்த முடிவுக்கு அது சாட்சி இல்லை. அப்பா சொன்னதை நிறுவவும் வேறு கிராஃப் வேண்டும்: ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் விலை.

இப்போது வகுப்பில் முதலில் கிராஃபைக் கையால் மூடச் சொல்கிறேன். முடிவை மட்டும் படியுங்கள். எதைப் பற்றி, எந்தக் காலத்துக்கு, கூடியது என்கிறதா குறைந்தது என்கிறதா, காரணம் சொல்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கையை எடுங்கள். ஒவ்வொரு விடையையும் இரண்டு முறை கேளுங்கள்: கிராஃபின்படி இது உண்மையா? உண்மையென்றால், இதைக் கொண்டு அந்த முடிவைச் சொல்ல முடியுமா? பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது முதல் கேள்வியில் அல்ல. அதில் தேறிய விடையைக் கண்டதும் இரண்டாவதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள், என்னைப் போலவே.

அப்பா அப்படிக் கேட்ட அன்றிரவு நான் விடையில் கைவைக்கவில்லை. பத்தியின் முடிவை அடித்துவிட்டு, 'இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்த தங்கம், அந்த நூற்றாண்டின் மற்ற பத்தாண்டுகளைவிடக் குறைவு' என்று எழுதினேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"இது சரி," என்றார். "இவ்வளவுதான் அந்தக் கோட்டுக்குத் தெரியும்."