எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம்?

தீபாவளி நெருங்கிவிட்டால் டுரியான் துங்காலில் துணிக்கடைக்கு அடுத்தபடியாக நம்மவர்கள் அதிகம் நுழைவது சாயக் கடையில்தான். வண்ண அட்டையை வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் வாதாடுவார்கள். கடைசியில் பலரும் வாங்கிப் போவது ‘மேக்னோலியா’. வெண்மையில் சிறிது மஞ்சள் கலந்த நிறம். மேக்னோலியா என்பது ஒரு பூவாம். எங்கள் தாமானில் அது பூத்து நான் பார்த்ததில்லை.

சிறிய அறைக்கு வெளிர் நிறம் பூசினால் அறை பெரிதாகத் தெரியும் என்று வீட்டு அலங்கார இதழ்கள் சொல்கின்றன. இதில் உண்மை இருக்கிறது. நல்ல வெள்ளைச் சாயம் தன்மீது விழும் வெளிச்சத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பும். அடர்ந்த நீலம் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நம் மக்கள் பலர் வாழும் மலிவு விலை வரிசை வீட்டுக்கு இது முக்கியமான செய்தி. இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். முன்னும் பின்னும் மட்டுமே சன்னல். நடு அறையில் பகலிலும் விளக்கு எரியும். அங்கே அடர்ந்த நிறம் வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இதழ்களில் வரும் வீடுகளில் சாமி விளக்குப் புகை இல்லை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி இல்லை, எண்ணெய் தேய்த்த தலையோடு சுவரில் சாய்ந்து உட்காரும் பாட்டியும் இல்லை. நம் வீட்டில் வெள்ளைச் சுவர் ஆறு மாதம் தாங்குவதே அரிது. இடுப்பளவு உயரம் வரை கழுவித் துடைக்கக்கூடிய சாயத்தைச் சற்று அடர்ந்த நிறத்திலும், அதற்கு மேல் வெளிர் நிறத்திலும் பூசுவது பழைய பள்ளிக்கூடங்களிலும் மருந்தகங்களிலும் காணும் வழக்கம். நமக்கு அதுவே ஏற்றது.

மலாக்கா நகருக்கு வரும் சுற்றுப்பயணிகள் சிவப்பு நிற டச்சுக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தச் சிவப்பு டச்சுக்காரர்கள் பூசியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் 1911இல் வந்தது. அதற்கு முன் அது வெள்ளைக் கட்டடம். கட்டடம் யார் கையில் இருக்கிறதோ நிறமும் அவர் கையில். ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும் இதே கதைதான். வெளிச்சுவரின் நிறத்தை நிர்வாகம் முடிவு செய்தது. உள்ளே மட்டும் நம் பாட்டிமார் தங்கள் விருப்பத்தைக் காட்டினார்கள்.

என் பாட்டி வாழ்ந்த லயத்தில் தீபாவளிக்கு முன் சுண்ணாம்பைக் கரைத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து அடிப்பார்களாம். ஈரமாக அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும். அதன் காரத்தன்மையால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. அந்த நீலமும் சுண்ணாம்பில் வெளுக்காத வகை. விஞ்ஞானம் படிக்காமலே சரியானதைப் பிடித்திருக்கிறார்கள். பழைய சேலை சன்னல் திரையாகும், கடைக்காரர் கொடுத்த நாட்காட்டிப் படத்துக்குச் சட்டம் போட்டால் சாமிப் படமாகும். அது அலங்காரம் இல்லையென்றால் வேறு எது அலங்காரம்?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்குச் சாயம் அடிக்க முடிவானபோது பாட்டி கேட்டது மயில்நீலம். மாமா சிரித்தார். “அக்கா, வீட்டைத் தோட்டத்து லயமாட்டம் ஆக்கிடாதீங்க,” என்று அம்மாவிடம் சொன்னார். மேக்னோலியா ஏன் இவ்வளவு விற்கிறது என்பது எனக்கு அப்போது புரிந்தது. நாம் ரசனை என்று சொல்வதில் பாதி, தோட்டத்தை மறைக்கும் முயற்சி. கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் சேலையில் இருந்தால் பட்டு, சுவரில் இருந்தால் பட்டிக்காடா?

பாட்டிக்கோ வேறு காரணம் இருந்தது. “வெள்ளையிலே வெள்ளை. எங்கே சுவரு, எங்கே கதவுன்னே தெரியலை பிள்ளை,” என்றார். அவருக்கு இரு கண்ணிலும் புரை. புரை விழுந்த கண்ணுக்கு உலகம் மங்கி மஞ்சள் பூத்துத் தெரியும். ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்கள் கலந்துவிடும். வெளிர் சுவரில் அடர்ந்த நிறக் கதவுச் சட்டம் இருந்தால் முதியவர்கள் வழியை எளிதில் கண்டுகொள்வார்கள். குளியலறை வாசலிலும் படி விளிம்பிலும் இது விழாமல் காக்கும்.

கணக்குப் போட்டேன். நடு அறை 10 அடிக்கு 10 அடி, சுவர் 10 அடி உயரம். மொத்தம் 400 சதுர அடி, அதாவது சுமார் 37 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்கு 7 லிட்டர் எலுமிச்சை வெளிர்மஞ்சள். கதவுச் சட்டங்களுக்கு மயில்நீலம் ஒரு லிட்டர் டின் போதும். சாமி மேடைக்குப் பின்னால் மட்டும் ஒரு சுவர் கிளிப்பச்சை. கடையில் இவற்றுக்கெல்லாம் எண்கள்தாம் உண்டு, தமிழ்ப் பெயர் கிடையாது. பெயர்களைப் பாட்டி சொன்னார்.

இப்போது பாட்டி இரவில் யாரையும் எழுப்பாமல் குளியலறைக்குப் போய் வருகிறார். மாமாதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. “பின்னால வீட்டை விக்கணும்னா இந்த நீலக் கதவைப் பார்த்து யார் வாங்குவா?” என்கிறார். விற்கப் போவதாக அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.