அப்பாவின் ஈரத்துண்டு



எங்க அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் இருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த மீனெல்லாம் கெட்டுப் போயிடும். ஐஸ் செய்ய அம்மோனியா வேண்டும். குழாய்க்குள் திரவ அம்மோனியா ஆவியாகும்போது சுற்றியுள்ள உப்புத் தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதில் இறக்கி வைத்த டப்பாக்களில் உள்ள நல்ல தண்ணீர் உறைந்துவிடும்.

போன கோடையில் ஒரு ராத்திரி வால்வில் வாயு கசிந்துவிட்டது. அப்பா தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துட்டார். கூட வேலை பார்த்த மாமா அப்படியே ஓடி வந்தார். அவருக்கு மூச்சு முட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பாவோ மறுபடி துண்டை நனைத்துக்கொண்டு வால்வை மூட உள்ளே போனாராம்! கண் சிவந்து வீட்டுக்கு வந்தார். "ஈரத்துண்டுதான் எம்புள்ளைய காப்பாத்துச்சு" என்று அப்பத்தா அழுதது.

ஈரத்துண்டில் அப்படி என்ன இருக்கு? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். 1 லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளுமாம். அந்தக் கரைசல்தான் அம்மோனியம் ஹைட்ராக்சைடு. இது ஒரு காரம். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும், மஞ்சள் தடவிய தாள் சிவப்பாகும். டீச்சர் செய்து காட்டினார். தண்ணீர் நிறையச் சேர்த்த கரைசல் கண்ணாடி துடைக்கவும், ஆய்வகத்தில் உப்புகளைச் சோதிக்கவும் உதவும்.

அப்பாவின் துண்டில் இருந்த தண்ணீர் வாயுவைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நம்ம கண்ணும் தொண்டையும்கூட ஈரம்தானே! அங்கேயும் அதே காரம் உண்டாகும். அதனால்தான் அந்த எரிச்சல். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போகணும்.

26.12.2023 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள் என்றும் டீச்சர் சொன்னார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "ஈரத்துண்டு வெளியே ஓடி வரத்தான். உள்ளே போறதுக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் துண்டிலேயே காரம் ஏறிவிடும். உள்ளே போக அதற்கான முகமூடி வேண்டும்."

அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். சத்தியம் பண்ணச் சொன்னேன். அப்பா சிரித்தார். "சரிங்க டீச்சரம்மா" என்றார். ஆனால் மறுநாள் முதலாளியிடம் முகமூடி கேட்டிருக்கிறார். இன்னும் வரவில்லை. நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி