பாசிஸ்ட் என்ற சொல்

நேற்று டிவி ரிமோட்டைப் பிடுங்கியதற்கு என் மகள் என்னை "பாசிஸ்ட்" என்றாள். சிரித்துவிட்டேன். சொற்கள் இப்படித்தான் தேய்கின்றன.

பாசிஸ்ட் தலைவர் முசோலினி 1922-ல் இத்தாலியின் பிரதமரானார். 1924-ல், அவரை எதிர்த்துப் பேசிய எம்.பி. மத்தேயோத்தியை பாசிஸ்டுகள் கடத்திக் கொன்றார்கள். 1926-ல் எதிர்க்கட்சிகளுக்கே தடை. அந்தச் சொல்லுக்கு அளவுகோல் அது.

பாசிசத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன், டிரம்பை அப்படி அழைக்க நெடுநாள் மறுத்தார். 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்களின் கும்பல் அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிட்டல் கட்டடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே புகுந்த பிறகுதான் மனம் மாறினார். டிரம்ப் தோற்ற தேர்தலின் முடிவை வன்முறையால் புரட்டப் பார்த்ததே அவருக்கு எல்லைக்கோடு. 'நீதிமன்றங்களும் எதிர்க்கட்சியும் உயிரோடுதானே இருந்தன' என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு.

யார் சரியோ, எனக்குப் பிடித்தது பாக்ஸ்டனின் தயக்கம். எடுத்த எடுப்பிலேயே கத்தித் தீர்த்துவிட்டால், நிஜமாகவே புலி வரும்போது குரல் எடுபடாது.